மிஷ்ரியும் பிராணவாயுவும்: புனே ஜில்லாவில் புற்றுநோய்க் காரணம் தேடிய வரலாறு

1972ஆம் ஆண்டில், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பல்மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் பாலி மேத்தாவும், அப்பிரிவின் புள்ளியியலறிஞர் பிரகாஷ் குப்தாவும், தப்தரி, சோக்ஸி என்னும் அவர்களுடைய சகாக்களும், கோபன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் யென்ஸ் பிண்ட்போர்க்கும் சேர்ந்து, புனே ஜில்லாவின் கிராமங்களில் 1,01,761 பேருடைய வாயைப் பரிசோதித்துப் பதிந்த முடிவுகளைச் சர்வதேசப் புற்றுநோய்ச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் இரத்தப் பரிசோதனை இல்லை. உயிரணுவைப் பற்றிய பேச்சும் இல்லை. யார் எந்த வடிவத்தில் புகையிலையை உட்கொள்கிறார், எத்தனை பேருடைய வாயில் வெண்படலம் படிந்திருக்கிறது, எவருக்குப் புற்று தோன்றியிருக்கிறது என்ற கணக்கே அதன் சாரம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்மட் சீஸ் 1985இல் பதிப்பித்த ஒரு நூலின் மூலம் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்னும் கருத்து விஞ்ஞான உலகில் நிலைபெற்றது. அதன்பின் புற்றுநோயின் மூல காரணத்தைப் பற்றிய விவாதங்களில் பெரும்பகுதியை அது தன்வசப்படுத்திக்கொண்டது. கிராமத்துத் திண்ணையில் நடந்த கணக்கெடுப்பும் ஆய்வுகூடத்தில் பிறந்த இந்தக் கருத்தும் எவ்வாறு ஒன்றையொன்று சந்தித்தன, சந்தித்தபின் எது எதற்கு வழிகாட்ட வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாய்ப்புற்றைப் பற்றிய இந்திய ஆராய்ச்சி புனேயில் தொடங்கவில்லை. அதன் ஆரம்பம் நம்முடைய தென்னாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர், இங்கே காணும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று மிகுதியாயிருப்பதையும் வெற்றிலை போடும் பழக்கத்தையும் 1902இல் சேர்த்து எழுதினார். அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதுமான நெய்யூரின் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து பென்டால் 1908இல் 1,700 புற்றுநோயாளிகளின் சுருக்க விவரத்தைப் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகைக்கு அனுப்பினார்; அதே நெய்யூரிலிருந்து ஓர் என்னும் மருத்துவர் 1933இல் லான்செட் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றையே தலைப்பாகக் கொண்டிருந்தது. சுதந்திரத்துக்குப்பின், பம்பாயில் சாங்வியும் ராவும் கானோல்கரும் 1955இல், புகைப்பதையும் மெல்லுவதையும் தனித்தனியே பிரித்து, நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டார்கள்; சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959இல் வாய்ப்புற்றின் காரணிகளைப் பற்றித் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். இவை யாவும் மதிப்பு மிக்க உழைப்பின் பயன்கள். எனினும் இவற்றுக்கெல்லாம் பொதுவானதொரு குறை உண்டு. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்களைப் பற்றித்தான் ஆஸ்பத்திரிக் கணக்கு பேச முடியும். வயல் வேலையை விட்டு வரமுடியாதவளும், வலி பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே மாண்டவனும் அதில் இடம்பெறுவதில்லை.

இக்குறையை நீக்க வேண்டுமானால் நோயாளி வரும்வரை காத்திராமல் வீடு வீடாகச் செல்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்று கண்டவர் மேத்தா. பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் பேர்போன ஒரு நிலையத்துக்குள் பல்மருத்துவப் பிரிவு ஒன்று இருந்தது இன்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிக்கையைக் கண்டிப்போடு நடத்தும் மனப்பான்மை அந்தச் சூழ்நிலையிலிருந்தே அவருடைய குழுவுக்கு வாய்த்தது என்று கருதுகிறேன். 1966 முதல், அமெரிக்க தேசியச் சுகாதார நிலையங்களின் உதவியோடு, குஜராத்தின் பாவ்நகர், கேரளத்தின் எர்ணாகுளம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், பீகாரின் தர்பங்கா, சிங்பூம் ஆகிய ஐந்து ஜில்லாக்களில் 50,915 கிராமவாசிகளை அவர்கள் பரிசோதித்தார்கள். ஜில்லாவுக்கு ஜில்லா பழக்கம் வேறாக இருந்தது. எர்ணாகுளத்தில் வெற்றிலை பாக்கோடு புகையிலையை மென்றார்கள். ஸ்ரீகாகுளத்தில் பெண்கள் சுருட்டின் எரியும் நுனியை வாய்க்குள் வைத்துப் புகைத்தார்கள். பாவ்நகரில் பீடி ஓங்கியிருந்தது. பழக்கம் மாறிய இடத்தில் வாயில் புண் தோன்றும் ஸ்தானமும் மாறியது. ஸ்ரீகாகுளத்துப் பெண்களுக்கு மேலண்ணத்திலும், மெல்லுவோருக்குப் புகையிலைச் சக்கையை அடக்கிவைத்த கன்னத்தின் உட்புறத்திலும் நோய் கண்டது. காரணத்தையும் காரியத்தையும் இவ்வளவு பிரத்தியட்சமாக இணைத்துக் காட்டும் சாட்சியம் வைத்திய சாஸ்திரத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

இதற்குப் பிறகே புனே ஜில்லா வந்தது. ஒரே ஜில்லாவில், முந்தைய ஐந்து ஜில்லாக்களின் மொத்தத்தைப்போல் இரு மடங்கு மக்களை எடுத்துக்கொண்ட இக்கணக்கெடுப்பில் தெரியவந்த செய்தி, புகையைப் பற்றியதன்று. புகையில்லாத புகையிலையைப் பற்றியது. ஆடவரில் பாதிக்கு மேற்பட்டோர் உள்ளங்கையில் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கி உதட்டிடுக்கில் ஒதுக்கிக்கொண்டார்கள், புகைப்பவர்கள் சொற்பம். பெண்களிலோ ஏறக்குறைய பாதிப்பேர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்தினார்கள்; அவர்களில் பெரும்பாலோரின் பழக்கம் மிஷ்ரி.

மிஷ்ரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு நேரான வழக்கம் பரவலாக இல்லாமையால், அதன் வன்மையை நாம் எளிதில் உணர்வதில்லை. புகையிலையைச் சூடான இரும்புத் தகட்டில் இட்டுக் கறுக்கும்வரை வறுத்துப் பொடியாக்கினால் மிஷ்ரி. பல் துலக்கும் பொடியாகவே அது வீட்டுக்குள் நுழைகிறது. தாய் துலக்குவதைப் பார்த்து மகள் துலக்குகிறாள். காலையில் ஒரு தடவை என்று தொடங்கியது, பசி அடங்கவும் அலுப்புத் தீரவும் ஒரு நாளில் பல தடவை ஈறில் தடவிக்கொள்ளும் அடிமைத்தனமாக வளர்கிறது. ஒரு பெண் பீடி பற்றவைத்தால் ஊர் பேசும். மிஷ்ரி தேய்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தீய பழக்கம் என்ற பெயரே அதற்கு ஏற்படாமல் போனதால், அதைக் கைவிட வேண்டுமென்ற எண்ணமும் எழவில்லை. நகரத்தில் உட்கார்ந்து எழுதிய வினாத்தாள், “புகையிலை போடுவீர்களா?” என்று கேட்டால், மிஷ்ரி தேய்க்கும் பெண் இல்லையென்றே பதில் சொல்லக்கூடும், அவள் பல்தான் துலக்குகிறாள். வாயைத் திறந்து பார்த்த பரிசோதகர்களாலேயே இந்த மறைவு வெளிப்பட்டது என்பதில்தான் அந்தப் புனே ஆராய்ச்சியின் பெருமை இருக்கிறது.

கணக்கெடுப்பு ஒரு காலத்தின் நிலைமையைக் காட்டுமேயன்றிக் காலப்போக்கைக் காட்டாது. அதற்காக எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று ஜில்லாக்களில் அதே குழுவினர் பத்தாண்டுகள் அதே மக்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வெண்படலம் முதலிய, புற்றுக்கு முந்திய நிலையின் குறிகள் புகையிலை உபயோகிப்போரிடமே ஏறக்குறைய முழுதும் தோன்றுவதையும், அவற்றிலிருந்து புற்று கிளைப்பதையும் நேரில் கண்டார்கள். பின்னர் அதே மூன்று ஜில்லாக்களில் 36,000 புகையிலைக்காரர்களை அணுகி, பழக்கத்தை விடும்படி இதமாக எடுத்துரைத்து, விட்டவர்களுக்கும் குறைத்தவர்களுக்கும் என்ன நேர்கிறது என்று ஆராய்ந்து, 1986இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். புதிதாக வெண்படலம் தோன்றுவது எர்ணாகுளத்தில் கணிசமாகக் குறைந்திருந்தது. காரணத்தை அகற்றினால் காரியம் குறைகிறது என்பதைவிட வலுவான நிரூபணம் நோய்ப்பரவலியலில் கிடைப்பது அரிது.

எனினும், ‘எதனால்’ என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிட்டாலும், ‘எப்படி’ என்ற வினா அப்படியே நின்றது. அதற்கு விடை வந்த பாதை முற்றிலும் வேறு. பிராணவாயு உயிரைக் காப்பதோடு அதனைச் சிதைக்கவும் வல்லது என்பதை, எக்ஸ்-ரே கதிரின் தீங்கையும் மிகையான பிராணவாயுவின் தீங்கையும் ஒப்பிட்டு, அர்ஜென்டீனாவில் பிறந்த ரெபேகா கெர்ஷ்மன் 1954இல் உணர்த்தினார். ஜோடி சேராத எலக்ட்ரானைக் கொண்டு அலையும் ஃப்ரீ ராடிக்கல்களே முதுமைக்குக் காரணமென்று டென்ஹாம் ஹார்மன் 1956இல் அனுமானித்தார். அந்த அனுமானத்தைச் சிலரே பொருட்படுத்தினர். ஆனால் 1969இல் மக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், சூப்பராக்சைடு என்னும் ராடிக்கலை அழிப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு நொதி உயிரணுவில் இருப்பதைக் கண்டுபிடித்தவுடன் நிலைமை மாறிற்று. உடம்பு ஒரு காவலாளியை நியமித்திருக்கிறதென்றால் காக்க வேண்டிய அபாயமும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ராடிக்கல்கள் உற்பத்தியாகும் வேகமும் அவற்றை அடக்கும் சக்தியும் சமனழிந்து, முன்னது மேலோங்கும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அந்நிலையில் டி.என்.ஏ. இழையின் குவானின் என்னும் பகுதி தாக்குண்டு உருமாறுவதைக் காசாய், நிஷிமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் 1984இல் காட்டினார்கள். பரம்பரைச் செய்தியைத் தாங்கும் இழையிலேயே பிழை புகுமானால், அதிலிருந்து புற்றுக்குச் செல்லும் வழி தூரமானதன்று.

இரு பாதைகளும் சந்தித்த இடம் வெற்றிலைப் பெட்டி. பம்பாயில் ஆராய்ச்சி தொடங்கிப் பின்னர் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்துச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஊர்மிளா நாயரும், ஹெல்மட் பார்ட்ஷ் முதலிய சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பாக்கின் சாரத்தையும் காசுக்கட்டியின் சாரத்தையும் காரத்தன்மை மிகுந்த கரைசலில் வைத்தபோது சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாவதைக் கண்டார்கள். காரத்தின் அளவு 9.5ஐத் தாண்டிய பிறகே இது மிகுந்தது. வாயில் அந்த அளவை எட்டச் செய்வது சுண்ணாம்பு. இரும்பும் செம்பும் சேர்ந்தால் வினை விரைவடைந்தது; டி.என்.ஏ.வை உடன் வைத்தால் மேற்சொன்ன குவானின் பிழை அதில் ஏற்பட்டது. வெற்றிலை போட்டால் வாய் சிவப்பதை மங்கலமாகவும் அழகாகவும் கொண்டாடி வந்த நமக்கு, அந்தச் சிவப்பு சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதால் உண்டாவது என்ற செய்தி, பழைய வழக்கத்தை மறுபடியும் எண்ணிப் பார்க்கத் தூண்டுவதாகும். சோதனைக்குழாயில் நடப்பது வாயிலும் நடக்குமா என்ற சந்தேகத்தையும் அவர்களே பின்னர் தீர்த்தார்கள். மெல்லுவோரின் உமிழ்நீரில் ஹைட்ராக்சில் ராடிக்கல் உண்டானதற்கான அடையாளம் இருப்பதை 1995இல் அறிவித்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் கவனிக்க வேண்டும். அதே 1987ஆம் ஆண்டுச் சோதனையில் புகையிலைச் சாரம் மட்டும் சூப்பராக்சைடை உண்டாக்கவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் உண்டாக்கிற்று. ஆகவே பாக்கின் தீங்கை ஆக்சிஜனேற்றத்தால் விளக்கியதுபோல் புகையிலையின் தீங்கு முழுவதையும் அதனால் விளக்கிவிட முடியாது. பம்பாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் சுமதி பிடேயும் அவருடைய சகாக்களும் அக்காலத்திலேயே மிஷ்ரியை எடுத்து ஆராய்ந்து, அதன் சாரம் பரம்பரை அணுக்களில் மாறுதலை விளைப்பதையும், புகையிலைக்கே உரிய நைட்ரோசமின்கள் அதில் இருப்பதையும், எலிகளுக்கு ஊட்டியபோது இரைப்பையில் கட்டிகள் தோன்றுவதையும் நிறுவினார்கள். வறுக்கும்போது கருகுவதால் பென்சோபைரீன் போன்ற நச்சுகளும் சேர்கின்றன. இவற்றுள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஒரு வழி, ஒரே வழியன்று. ஒரு கருத்து புதுமையாகவும் கவர்ச்சியாகவும் இருப்பதனாலேயே எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றுவது விஞ்ஞானத்துக்குச் செய்யும் சேவையாகாது.

இந்த எச்சரிக்கை, இரத்தத்தில் அளந்தெடுக்கும் ஆராய்ச்சிகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலறிஞர்கள் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வாய்ப்புற்று நோயாளிகளின் இரத்தத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் மிகுந்திருப்பதையும் ராடிக்கல்களை அடக்கும் காப்புப் பொருள்கள் குறைந்திருப்பதையும் செம்மையாக அளந்து காட்டினார்கள். இத்தகைய அளவீடுகள் நாடெங்கும் நடந்திருக்கின்றன. ஆனால் நோய் வந்தபின் அளந்த அளவு, அந்த நிலை நோய்க்கு முந்தியதா பிந்தியதா என்பதைச் சொல்லாது. புற்றே ராடிக்கல்களைப் பெருக்கும். வாயில் புண்ணோடு இருப்பவனால் காய்கறி பழம் உண்ணவும் முடியாது. அதனால் இரத்தத்தில் வைட்டமின்கள் குறைந்தே காணும். நோயில்லாத காலத்தில் இரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் காத்திருந்து, யாருக்கு நோய் வந்தது என்று பார்ப்பதே நேரான வழி. மேத்தாவின் குழுவினர் வாய்க்குச் செய்ததை இரத்தத்துக்கும் செய்ய வேண்டும். அந்தப் பொறுமை நம் ஆராய்ச்சிகளில் இன்னும் போதிய அளவு குடிகொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

உணவின் பக்கமாகவும் ஓர் ஆராய்ச்சி வளர்ந்து வந்தது. பம்பாயில் பெரின் நோட்டானியும் கஸ்தூரி ஜயந்தும் 1987இல், காய்கறிகளை அரிதாக உண்போருக்கு வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுகள் அதிகம் நேர்வதைக் கண்டார்கள். அமெரிக்க நோய்ப்பரவலியலறிஞர் ஜேம்ஸ் ஹீபர்ட்டோடு சேர்ந்து பிரகாஷ் குப்தா குஜராத்தில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளி உண்போருக்கு வெண்படலம் குறைவாயிருந்தது தெரியவந்தது. புனே நகரத்திலேயே, 1946இல் மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிச் சங்கமாகத் தோன்றி, 1992இல் தன் ஸ்தாபகரின் பெயரைப் பெற்ற அகர்க்கர் ஆராய்ச்சி நிலையத்தில், வைஷாலி ஆக்டே முதலானோர் மரபுப்படி சமைத்த கீரைகளில் எஞ்சி நிற்கும் நுண்சத்துக்களை அளந்தார்கள். பச்சையாக இருக்கும் கீரையின் குணத்தைப் புத்தகத்தில் படித்துவிட்டு வெந்த கீரையைத் தின்னும் நம்முடைய வழக்கத்துக்கு இது மிகவும் வேண்டிய காரியம்.

ராடிக்கல்களை அடக்கவல்ல சத்தாகக் கீரையில் உள்ளதை மாத்திரையில் அடைத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டாலும் வேறிருவரும் 1981இல், பீட்டா கரோட்டின் புற்றுநோயைக் குறைக்குமா என்று நேச்சர் சஞ்சிகையில் வினா எழுப்பியபின் உலகெங்கும் பரிசோதனைகள் தொடங்கின. திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் மையத்தில் சங்கரநாராயணன் முதலியோர் நடத்தி 1997இல் வெளியிட்ட சோதனையில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 சதவீதத்தினருக்கே வெண்படலம் முழுதும் மறைந்திருக்க, பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கும், வைட்டமின் ஏ பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் அது மறைந்தது. இது வெற்றிதானே என்று தோன்றும். ஆனால் மருந்தை நிறுத்தியதும், பயன்பெற்றவர்களில் பாதிக்குக் குறையாதவர்களுக்குப் படலம் திரும்ப வந்தது. இதற்குள் பின்லாந்திலிருந்து 1994இல் அதிர்ச்சி தரும் செய்தி எட்டியிருந்தது. புகைபிடிக்கும் 29,133 ஆடவரைக் கொண்ட சோதனையில், பீட்டா கரோட்டின் உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக நேர்ந்தது. அமெரிக்காவில் 18,314 பேரைக் கொண்ட மற்றொரு சோதனையில் 28 சதவீதம் அதிகமாகவே, 1996இல் அதனை இடையிலேயே நிறுத்தினார்கள். 35,533 ஆடவருக்கு வைட்டமின் ஈ, செலீனியம் ஆகியவற்றைக் கொடுத்த சோதனையும் 2008இல் நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ உண்டவர்களுக்குப் பிராஸ்டேட் புற்று 17 சதவீதம் மிகுந்ததாக 2011இல் தெரிந்தது.

இந்தத் தோல்விகளிலிருந்து, ஆக்சிஜனேற்ற அழுத்தமே பொய்க்கோட்பாடு என்று முடிவுகட்டுவது அவசரம். சத்துக்குறைவு மிகுந்த சீனத்து லின்ஷியன் வட்டாரத்தில், பீட்டா கரோட்டினும் செலீனியமும் வைட்டமின் ஈயும் சேர்த்துக் கொடுத்தபோது இரைப்பைப் புற்றால் ஏற்படும் மரணம் குறைந்ததாக 1993இல் அறிவித்தார்கள். குறைவு உள்ள இடத்தில் நிரப்புவது நன்மை. நிறைந்த இடத்தில் மேலும் பெய்வது தீமை. ராடிக்கல்கள் முற்றும் பகைவரும் அல்லர். கெட்டுப்போன உயிரணு தானே மாய்வதற்கும் அவை உதவுகின்றன. ஆயினும் நம் வாதத்துக்கு இன்றியமையாத உண்மை வேறு. தினமும் பத்துத் தடவை தீயை மூட்டிவிட்டு ஒரு தடவை நீர் தெளிப்பதால் பயனில்லை. திருவனந்தபுரத்தில் படலம் திரும்பி வந்ததும், எர்ணாகுளத்தில் பழக்கம் விட்டவர்களுக்குப் படலம் குறைந்ததும் ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நோய்ப்பரவலியலறிஞரின் எளிய கணக்கே சிகிச்சையின் திசையையும் சரியாகச் சுட்டியிருந்தது என்பது விளங்கும்.

இந்த வரலாற்றை இன்றைய நிலைமையோடு பொருத்திப் பார்க்கும்போது திருப்தியடைய இடமில்லை. 2016-17ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்து வயதுவந்தோரில் புகைப்பவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. புகையில்லாப் புகையிலையைக் கொள்பவர்களோ ஏறக்குறைய நால்வரில் ஒருவர். 1972இல் புனே ஜில்லா காட்டிய சித்திரத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது. குட்காவை அந்த மாநிலம் 2012இல் தடைசெய்தது. தமிழ்நாடு 2013இல் தடைசெய்தது. கடையில் விற்கும் பொட்டலத்தைச் சட்டம் தடுக்கலாம். சமையலறை அடுப்பில் வறுபடும் மிஷ்ரியை எந்தச் சட்டமும் தடுக்காது. பம்பாயில் பிரகாஷ் குப்தாவும் ஸ்ரீவித்யாவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் பெரும்பாலும் மிஷ்ரியாகவே புகையிலையை உபயோகித்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

வாயைத் திறந்து பார்க்கும் எளிய பரிசோதனை, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணத்தை 34 சதவீதம் குறைக்க வல்லது என்பதைத் திருவனந்தபுரத்து ஆய்வு 2005இல் நிரூபித்துவிட்டது. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்களும் போதும். ஆகவே, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளக்க முற்படும் ஆராய்ச்சியாளர்களை நான் வேண்டிக்கொள்வது இரண்டு. முதலாவது, இரத்தம் எடுக்குமுன், உங்கள் முன் வரும் பெண்ணின் வாயைப் பாருங்கள். புகையிலை போடுவாயா என்று கேட்பதோடு நில்லாமல், எதனால் பல் துலக்குகிறாய், ஒரு நாளில் எத்தனை தடவை என்று கேளுங்கள். இரண்டாவது, அந்த விடையைச் சஞ்சிகைக்கு அனுப்புவதற்கு முன்பே, வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்களிடம் கொடுத்து, முப்பது வயது கடந்த ஒவ்வொருவரின் வாயையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லுங்கள்.